ஒரு சேமிப்புப் பெட்டியும் மாமியின் மறைவும்

சிக்கனமாக ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று புறப்பட்ட நடுத்தர வயது ஆண்பிள்ளையைப் போல ஒரு வீட்டுக்கு ஆபத்தானவன் வேறு எவனும் இல்லை. குடிக்கிறவனிடமிருந்து போத்தலைப் பறிக்கலாம். சீட்டாடுகிறவனிடமிருந்து சட்டைப்பையைக் காப்பாற்றலாம். கையில் ஸ்குரூ டிரைவரும் கண்ணில் ஒளியுமாக, "இதைக் கடையில வாங்கிறவன் மடையன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது? அவனிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பறிப்பதற்கு ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினையே.

நான் அந்த இனம்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு நான் நினைவு மலர்கள் தயாரிக்கிறேன். ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுக் கைகழுவியதும் கையில் கொடுக்கப்படுகிற சிறு புத்தகம். முகப்பில் அவருடைய சிரித்த முகம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை (இதைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், தொழில் தர்மம்), கடைசியில் நன்றி நவிலல். அச்சடிப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம். எழுதுவதும், படங்களைத் துப்புரவாக்குவதும், டொரொன்டோவிலிருந்து மூத்த மகளும் பாரிஸிலிருந்து இளைய மகனும் ஒரே வரியை இரண்டு விதமாகத் திருத்தச் சொல்லும்போது இருவருக்கும் "ஓம்" சொல்வதும் என் வேலை.

இப்படி வருஷக்கணக்காகச் சேர்ந்த அமரர்கள் என்னுடைய மடிக்கணினியை நிரப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் பென் டிரைவ்களில் இருந்தார்கள். பென் டிரைவ்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒருநாள் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவரைத் தேடிக் கையை விட்டபோது கடற்காற்றில் துருப்பிடித்த பென் டிரைவ் ஒன்று இரண்டாக உடைந்து கையோடு வந்தது. (நல்லகாலம், அவருடைய பிரதி மகளிடம் இருந்தது.) இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிறார்கள், மாதாமாதம் டொலரில் கட்டினால் போதும் என்று சொன்னார்கள். மாதாமாதம் என்ற சொல்லும் டொலர் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எனக்குத் தலை சுற்றும். தவிரவும், எத்தனை தலைமுறை கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தான் மனம் வாடகை இடத்தில் நித்திரை கொள்ளாது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி வேண்டும். வேலியடைத்து, கேற் போட்டு, உள்ளே நம்முடைய சாமான்.

ஆகவே ஒரு சேர்வர் கட்டுவதென்று தீர்மானித்தேன். சேர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கோப்புகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எந்தக் கணினி கேட்டாலும் வைஃபை வழியாக எடுத்துக் கொடுக்கும் ஒரு பெட்டி. அவ்வளவுதான். குசினிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை வைக்கும் சின்ன அறைதான் என் அலுவலகம் என்பதால் அது சிறிய பெட்டியாகவும், நான் நானாகவே இருப்பதால் அது மலிவான பெட்டியாகவும் இருக்கவேண்டும்.

மாளிகாவத்தையில் நவாஸ் நானா என்று ஒருவர் இருக்கிறார். வங்கி போன்ற பெரிய கந்தோர்கள் கழித்துவிடும் கணினிகளை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர். அவருடைய கடையில் ஒரு மெஷினைக் காட்டினார். தடித்த தமிழ் அகராதி ஒன்றின் அளவுதான்.

"இது பேங்க்ல ஓடின மெஷின் சேர். ஏசி ரூம்ல பொறந்து ஏசி ரூம்ல வளந்த புள்ள. சத்தம் போடாது, சண்ட புடிக்காது."

"நானா, இதுக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் போடலாமோ?"

"ஒண்டு உள்ளுக்குப் போகும். மத்தது வெளிய இரிக்கும். குடும்பம்டா அப்பிடித்தானே சேர்?"

ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைத்தால், ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது காப்பாற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால்தான் இரண்டு.

"வெளிய இருக்கிறதுக்குக் கூடு வேணுமே? சூடாகாதோ?"

"கூடு வாணாம் சேர். காத்துப் படணும். காத்துப் பட்டா எல்லாம் நல்லம்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அவரும் என்னைப் போலவே இதை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைத் தெரியாமல் இருக்கும்போது வருகிற நம்பிக்கை, தெரிந்தவர்களுக்கு ஒருபோதும் வராது.

காற்றுப் படவேண்டும், ஆனால் தாங்கவும் வேண்டும். எல்லாப் பக்கமும் ஓட்டை, ஆனால் உறுதி. நுகேகொடையில் கூடு விற்கும் கடையில் விலை கேட்டுவிட்டு வெளியே வந்து ஒரு பிளேன்ரீ குடித்தேன். வீட்டுக்கு வந்து குசினியைக் கடந்தபோது விடை அலுமாரியின் மேல் தட்டில் அடுக்கியிருந்தது. இடியப்பத் தட்டுகள்! பிரம்பால் பின்னியவை. இலேசானவை. ஆவி போகவென்றே கண்டுபிடிக்கப்பட்டவை. எங்கள் முன்னோர் இவற்றை இடியப்பத்துக்கு மட்டும் பாவித்து வீணாக்கியிருக்கிறார்கள் என்று அந்தக் கணம் எனக்குத் தோன்றியது.

கீழ்த் தட்டில் மெஷின், நடுத்தட்டில் டிஸ்க், மேல் தட்டில் பழைய கணினியொன்றிலிருந்து கழற்றிய சின்ன விசிறி. நான்கு மூலையும் வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி. பார்ப்பதற்கு மூன்று மாடி இடியப்பக் கடைக்கு யாரோ மின்சார இணைப்பு எடுத்தது போல இருந்தது.

கௌரி வந்து பார்த்தாள். கௌரி என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள், சொற்களைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பாள்.

"அம்மாவின்ர தட்டு," என்றாள்.

"திருப்பித் தருவன்."

"அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ. இந்தக் கிழமை அவவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். கௌரியின் தாயார் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய பித்தப்பையில் கல். இரண்டு தரம் வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். வெட்டி எடுத்துவிடவேண்டும், அடுத்த தரம் வந்தால் அது எங்களைக் கேட்டுக்கொண்டு வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாமிக்கு டொக்டரில் நம்பிக்கை இருந்தது. கத்தியிலும் இருந்தது. சகுனத்தில்தான் இல்லை, அதாவது அது நன்றாக அமையும் என்பதில்.

முதல் தரம் நாள் குறித்தபோது புறப்படும் நேரம் பல்லி சொல்லியது. பல்லி எந்தப் பக்கம் சொன்னது என்பதில் எனக்கும் மாமிக்கும் கருத்து வேறுபாடு, நாள் தள்ளிப்போனது. இரண்டாம் தரம் பையும் கையுமாகக் கீழே இறங்கிவிட்டோம். கேற்றடியில் காவலுக்கு இருக்கும் வாச்சர் எழுந்து நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "கொஹெத யன்னே அம்மே?" என்றான். எங்கே போகிறீர்கள் அம்மா என்று. சிங்களத்தில் அது நலம் விசாரிப்பு. யாழ்ப்பாணத் தமிழில், ஒரு காரியத்துக்கு வெளிக்கிட்டவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பது ஏறக்குறையக் கொலை முயற்சி. மாமி அப்படியே திரும்பி மூன்று மாடியும் ஏறினார்.

அதற்குப் பிறகு கௌரி மாதக்கணக்காகக் கெஞ்சி, லண்டனிலிருந்து தம்பி ரவியைக் கொண்டு தொலைபேசியில் அழவைத்து, ஒருவழியாக வருகிற திங்கட்கிழமைக்கு மாமி "ஓம்" என்றிருந்தார். ஆகவே அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் அமங்கலமான சொல் எதுவும் விழக்கூடாது. என்னுடைய தொழிலை வைத்துக்கொண்டு இது இலேசான காரியமல்ல. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் "உங்கட அப்பாவின்ர ஃபங்ஷன்" என்று பேசினேன். ஒரு மகன், "எந்த ஃபங்ஷன்? அப்பாதான் செத்திட்டாரே!" என்று கத்தினான். தொலைபேசியைத் தலையணைக்குள் அமுக்கினேன்.

சனிக்கிழமை பின்னேரம் சேர்வர் உயிர்பெற்றது. இலவசமாகக் கிடைத்த மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். அது வரிசையாகக் கேள்வி கேட்டது. மணவறையில் ஐயர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மாப்பிள்ளையைப் போல எல்லாவற்றுக்கும் ஓம் கொடுத்தேன். நடுவில் ஒரு கேள்வி: படங்களை வீட்டிலுள்ள எல்லாத் திரைகளிலும் பார்க்க அனுமதிக்கட்டுமா? என் மேசையில் இரண்டு திரைகள். இரண்டிலும் பார்ப்பது வசதிதானே? ஓம்.

இனி ஏதாவது கோப்பை ஏற்றிச் சோதிக்கவேண்டும். வாடிக்கையாளர்களின் அமரர்களை வைத்துப் பரிசோதனை செய்ய மனம் ஒப்பவில்லை. அதனால் 'மாதிரி' என்ற கோப்புறையை மட்டும் ஏற்றினேன்.

அந்த மாதிரி என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் "செய்த வேலை ஏதும் இருந்தாக் காட்டுங்கோ" என்பார்கள். ஒரு குடும்பத்தின் மலரை இன்னொரு குடும்பத்துக்குக் காட்டினால் "அவையின்ர அப்பாவுக்கு ஏன் பெரிய படம்?" என்று தொடங்கும். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு அமரர் எனக்குத் தேவைப்பட்டார். நல்ல வெளிச்சத்தில், நேரே பார்த்து, பட்டுச்சேலையோடு, பெரிதாக்கினாலும் உடையாத படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரவியின் கல்யாணத்தில் எடுத்தது. மாமியின் படம்.

செய்திருக்கக்கூடாதுதான். செய்தேன். வேறு பெயர் கற்பனை பண்ணச் சோம்பல்பட்டு, அமரர் திருமதி நாகேஸ்வரி தம்பையா என்றே அவருடைய பெயரைப் போட்டேன். வாழ்க்கை வரலாற்றுக்கு, முன்பு எப்போதோ செய்த புகையிரத நிலைய அதிபர் ஒருவருடைய பந்திகளை அப்படியே ஒட்டினேன். மறைவு என்ற இடத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. கொஞ்சநேரம் யோசித்து, பெப்ரவரி 30 என்று போட்டுவிட்டு எழுந்து போனேன். இதெல்லாம் கல் தெரியவருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு. பிறகு மறந்தும் போய்விட்டேன்.

கோப்புறை ஏறி முடிந்தது. சேர்வரின் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. பிறகு திடீரென்று படபடவென்று சிமிட்டத் தொடங்கியது. அப்படிச் சிமிட்டினால் யாரோ டிஸ்க்கிலிருந்து எதையோ எடுத்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஆகா, வேலை செய்கிறது! நான் கைகளைக் கட்டிக்கொண்டு பெருமையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை.

ஹோலில் நடந்தது இது. இரண்டாம் மாடி மனோன்மணி ரீச்சர், ஒப்பரேஷனுக்கு முன்பு மாமியைப் பார்க்க விபூதியும் அப்பிளுமாக வந்திருக்கிறார். மாமி அவருக்கு ஊர்க் கோயில் தேர் வீடியோவைக் காட்டவென்று ரீவியைப் போட்டிருக்கிறார். புதிதாக ஒரு சேர்வர் வீட்டுக்கு வந்திருப்பதை மோப்பம் பிடித்த ரீவி, அதிலுள்ள படங்களைக் காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறது. ரீவி எதைக் கேட்டாலும் மாமி ஓகே பொத்தானை அமுக்குவார். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே குணம்.

மனோன்மணி ரீச்சர் கண்ணில் பட்ட எதையும் உரக்க வாசிப்பவர். முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு வாசித்துப் பழகிய தொண்டை. சாத்திய கதவினூடாக எனக்குக் கேட்டது.

"அமரர்... திருமதி... நாகேஸ்வரி... தம்பையா."

பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"நாகேஸ், உம்மட பேரெல்லே கிடக்கு?"

நான் ஓடினேன். ஐம்பத்தைந்து அங்குலத்தில் மாமி ரோஜாப்பூ வளையத்துக்குள் புன்னகைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. (விளக்கின் சுடரை ஆடுவதுபோல அமைக்க நான் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்திருந்தேன்.) கதிரையில் இருந்த மாமி, திரையில் இருந்த மாமியை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் தானாகப் புரண்டது. ரீச்சரின் வாயும் தானாகத் தொடர்ந்தது.

"அன்னார் தமது பாடசாலையின் உதைபந்தாட்ட அணியில் தலைசிறந்த கோல்காப்பாளராகத் திகழ்ந்து..."

நான் ரிமோட்டைப் பறித்து ஏதோ ஒன்றை அமுக்கினேன். முகப்பு திரும்பி வந்து, மாமியின் முகம் இரண்டு மடங்காகப் பெரிதானது. இன்னொன்றை அமுக்கினேன். மூக்கும் கண்களும் மட்டும் சுவரை நிறைத்தன. ரீவிக்குப் பின்னால் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். மின்விசிறி நின்றது. பக்கம் மறுபடி புரண்டது.

"...பின்னர் புகையிரத நிலைய அதிபராக நாட்டின் பல பாகங்களிலும் கடமையாற்றி, சிவப்பு, பச்சை ஆகிய இரு கொடிகளையும் நேர்மையுடன் காட்டியவர்..."

இன்னொரு பிளக்கைப் பிடுங்கினேன். வைஃபை பெட்டி என்று நினைத்தேன். சாமிப்படத்து மின்குமிழ் அணைந்தது.

"...பாசமிகு மருமகன்," என்றார் ரீச்சர், நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து. மகன் ரவியின் பெயர் எங்கும் இல்லை. மகள் கௌரியின் பெயரும் இல்லை. துயருறுவோர் பட்டியலில் என் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் தன்னந்தனியாக நின்று துயருற்றுக்கொண்டிருந்தது. மாதிரிக்கு ஒரு பெயர் போதுமென்று நினைத்திருக்கிறேன்.

குசினியிலிருந்து வந்த கௌரி, ரீவியின் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை ஒரு விரலால் அமுக்கினாள். திரை இருண்டது.

மாமி எழுந்தார். "எனக்குக் கொஞ்சம் படுக்கவேணும்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

"சரி, அப்ப நான் போறன்," என்றார் மனோன்மணி ரீச்சர். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டிய இடம். அதைத் திருத்த அங்கே ஒருவரிடமும் பலம் இல்லை.

கௌரி என்னைப் பார்த்துக் கத்தவில்லை. அதுதான் பயம். மேசையில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பை இருந்தது. அதன் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எத்தினை மாசம் கெஞ்சினனான் தெரியுமோ?"

"தெரியும்."

"இனி அவ வரமாட்டா."

"நான் கதைச்சுப் பாக்கிறன்..."

"நீங்கள் கதைக்கவேண்டாம். நீங்கள் கதைச்சது காணும். அடுத்த தரம் அந்த வலி வந்தா என்ன செய்யிறது? சொல்லுங்கோ. அதுக்கு என்னத்தைக் கட்டி வச்சிருக்கிறியள்?"

அறைக்குப் போய் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, சேர்வரின் பிளாஸ்டிக் பட்டிகளை வெட்டத் தொடங்கினேன். தட்டுகளையாவது திருப்பிக் கொடுக்கலாம். கௌரி கதவடியில் வந்து நின்றாள்.

"விடுங்கோ," என்றாள். "அதை உடைச்சு என்ன வரப்போகுது."

இரவுச் சாப்பாட்டுக்கு மாமி வரவில்லை. கதவடியில் போய் நின்ற கௌரியிடம் "பசியில்லை" என்ற ஒரு சொல்தான் வந்தது. ரவி லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தான். அக்காவோடு கதைத்துவிட்டு என்னைக் கேட்டான். "அத்தான், நான் ஒண்டு கேக்கட்டோ? கோவிக்காதேங்கோ. என்ர பேரை ஏன் விட்டனீங்கள்?" என்றான். அவ்வளவு துன்பத்திலும் எங்கள் சனத்துக்கு அந்தப் பட்டியல் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஹோலில் இருந்தேன். மாமியின் கதவு திறந்தது. முழுகி, விபூதி பூசி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"தம்பி, அதைத் திரும்பப் போடுங்கோ."

"எதை மாமி?"

"என்ர செத்தவீட்டை."

குசினிக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் எழுந்து போய், சேர்வரை இயக்கிவிட்டு வந்து ரீவியைப் போட்டேன். ரோஜா வளையம் வந்தது. மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். விரலை நீட்டினார்.

"அதில என்ன போட்டிருக்கு? மறைவு?"

"பெப்ரவரி முப்பது."

"பெப்ரவரியில முப்பதாந் திகதி இருக்கோ?"

"இல்லை மாமி."

"தெரிஞ்சுதான் போட்டனீங்களோ, தெரியாமலோ?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

எத்தனையோ பேருடைய வாழ்க்கையை மணிப்பிரவாளமாக எழுதித் தள்ளுகிறவன் நான். அந்த ஒரு கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது.

"வேற திகதி போட மனம் வரேல்லை மாமி," என்றேன்.

திரையில் விளக்குச் சுடர் ஆடிக்கொண்டேயிருந்தது. கடற்கரைப் பக்கம் ரயிலொன்று போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. மாமி முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?" என்று கேட்டார்.

கௌரி குசினி வாசலிலேயே நிலத்தில் குந்திவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"இரவு முழுக்க யோசிச்சனான்," என்றார் மாமி, மகளைப் பார்த்து. "எனக்கெண்டு ஒரு திகதி எழுதியாச்சு. அது வராத திகதி. இனிப் பல்லி சொன்னாலென்ன, வாச்சர் கேட்டாலென்ன?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, மிச்சமெல்லாம் பிழை. நான் எப்ப புட்போல் விளையாடினனான்? எழுதுங்கோ, சொல்லுறன்."

அன்று மத்தியானம் வரைக்கும் சொன்னார். வலைப்பந்தில் மாவட்ட அணிக்கு ஆடியதை, தகப்பன் வேண்டாமென்று நிறுத்தியதை, பிறகு தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்ததை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாதவை. படம் பரவாயில்லையாம், ஆனால் அந்தச் சேலையின் கரை தெரியவில்லையாம். ரவியையும் கௌரியையும் முன்னுக்குப் போட்டு, என்னைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். திகதியில் மட்டும் கைவைக்கவேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை காலை கீழே இறங்கினோம். கேற்றடியில் வாச்சர். கௌரி என் கையை இறுக்கினாள். அவன் எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, கேட்டேவிட்டான். மாமி நின்று, நிதானமாக, "ஒஸ்பிட்டல் யனவா புத்தா, ஹவஸட்ட எனவா," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் மகனே, பின்னேரம் வருகிறேன் என்று. பின்னேரம் வரமுடியாது, இரண்டு நாளாவது ஆகும் என்று திருத்த நான் வாயைத் திறந்தேன். கௌரி என் காலை மிதித்தாள்.

ஒப்பரேஷன் நடந்தபோது தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, பொழுதுபோகட்டும் என்று மடிக்கணினியில் அந்த மலரைத் திறந்தேன். ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. மூடிவிட்டுச் சுவரில் இருந்த தீயணைக்கும் கருவியின் பாவனை முறையை மும்மொழியிலும் படித்து முடித்தேன். டொக்டர் வெளியே வந்து, எல்லாம் சரி, கொஞ்சநேரத்தில் பார்க்கலாம் என்றார். அந்த 'எல்லாம் சரி'யைக் கேட்டதும் கதிரை இருக்கிறதென்று நினைத்து வெறும் நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு தாதி ஓடிவந்து என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, "ஐயாதான் நோயாளியா?" என்றாள்.

கண் விழித்த மாமிக்குச் சின்னப் போத்தலில் போட்டுக் கல்லைக் காட்டினார்கள். "இவ்வளவுதானோ?" என்றார் ஏமாற்றத்துடன்.

இது அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மாமி வீட்டுக்கு வந்த மறுகிழமை மனோன்மணி ரீச்சர் கதவைத் தட்டினார். கையில் ஒரு படம்.

"தம்பி, எனக்குக் கண்ணில ஒப்பரேஷன். நாகேசுக்குப் போட்டுக் குடுத்த மாதிரி எனக்கும் ஒண்டு போட்டுத் தருவியளோ? அதே திகதி."

போட்டுக் கொடுத்தேன். கண் தெளிந்ததும் அவர் முதலில் வாசித்தது அதைத்தான், உரக்க. பிறகு அவருடைய தங்கை வந்தார், முழங்காலுக்கு. பிறகு கொட்டாஞ்சேனை அச்சகக்காரர், அவருடைய தமையனுக்கு. ஒப்பரேஷன் என்றால் முதலில் என்னிடம், பிறகு டொக்டரிடம் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு நடைமுறை உருவாகிவிட்டது. இறந்தவர்களைப் பாதுகாக்கக் கட்டிய பெட்டியில் இன்றைக்குக் கால்வாசி இடம் உயிரோடு இருப்பவர்களுக்கு. இவர்களோடு ஒரு வில்லங்கம் உண்டு. அமரர்கள் ஒருபோதும் திருத்தம் கேட்பதில்லை. இவர்கள் மாதத்துக்கு ஒருதரம் நேரில் வந்து கேட்கிறார்கள்.

இடம் நெருக்கடியானபோது ஒருநாள் மாமியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாமி, உங்கடது சுகமாய் முடிஞ்சுதுதானே. அந்தக் கோப்புறையை எடுத்துவிடட்டோ?"

மாமி ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும் தம்பி. அது அதில கிடக்கிற வரைக்கும் நானும் கிடப்பன்."

அதை அவர் பகிடியாகத்தான் சொன்னார். நானும் பகிடியாகத்தான் கேட்டேன். மறுநாள் காலை நுகேகொடைக்குப் போய், விலை கேட்காமல் முறையான இரும்புக் கூடொன்று வாங்கினேன். மூன்றாவது டிஸ்க் வாங்கினேன். லண்டனில் ரவியிடம் ஒரு பிரதி இருக்கிறது. கடைசியில், டொலரில், மாதாமாதம், இணையத்திலும் ஒரு சின்ன இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அதில் ஒரேயொரு கோப்புறைதான் இருக்கிறது.

வீட்டில் கரண்ட் போனால் சேர்வரும் நின்றுவிடும். அப்போதெல்லாம் யார் எந்த மூலையில் இருந்தாலும் உடனே ஒரு குரல் எழும்பும்: "மாமி, இருக்கிறியளோ?" கௌரி கேட்பாள், "அம்மா, இருக்கிறியளோ?" விடுமுறையில் வந்தால் ரவியும் கேட்பான். இருட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல் வரும்: "இருக்கிறன், இருக்கிறன்." அதற்குப் பிறகுதான் மெழுகுதிரி தேடுவோம்.

போன கிழமையும் கரண்ட் போனது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். கௌரியும் கூப்பிட்டாள். பதில் இல்லை. நான் கதிரையில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி மாமியின் அறைக்கு ஓடினேன். கட்டில் வெறுமையாக இருந்தது. போர்வையைத் தூக்கி, தலையணையைத் தூக்கி, கட்டிலின் அடியிலும் கையை விட்டுத் தேடினேன்.

குளியலறைக்குள்ளிருந்து வாளித் தண்ணீர் ஊற்றிய சத்தமும், அதைத் தொடர்ந்து மாமியின் குரலும் வந்தன.

"ஒரு மனிசி நிம்மதியாய்க் குளிக்கவும் விடமாட்டியளோ? இருக்கிறன்! பெப்ரவரி முப்பதெண்டெல்லே எழுதிக் கிடக்கு!"